அறக்கொட்டி அக்கா

அக்காவுக்கென்று ஒரு கதிரை இருந்தது. சில்லு வைத்த, சுற்றுகிற கதிரை. மனேஜர் மருதானைக்குத் தானே போய்ப் பார்த்து வாங்கியது. நான் அவரோடு வேலை செய்த மூன்று வருஷத்தில் அக்கா அதில் இருந்து கண்டதில்லை. துண்டுப்பிரசுரக் கட்டு அதில் இருந்தது, அவருடைய குடை இருந்தது, ஒருமுறை யாரோ கொண்டுவந்த பலாப்பழம் ஒரு கிழமை முழுதும் இருந்தது. அக்கா மட்டும் நின்றார். நின்றார் என்பதும் சரியில்லை. டெலிபோன் வயர் விடுகிற இடம்வரை நடப்பார், வயர் இழுத்ததும் திரும்புவார். வயர் இல்லாத போன் வந்த பிறகு படிக்கட்டுவரை நடந்தார்.

கொட்டாஞ்சேனையில், கீழே பெயின்ட் கடையும் மேலே நாங்களுமாக ஒரு பழைய கட்டடம். பயிர் மருந்து இறக்குமதி செய்து நாடெங்கும் உள்ள கடைகளுக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி எங்களுடையது. போத்தலில் ஒட்டுகிற லேபிளைத் தமிழில் எழுதிக் கொம்பியூட்டரில் அடிப்பது என் வேலை. லேபிளின் அடியில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பருக்குத் தமிழில் யார் கோல் எடுத்தாலும் அக்காதான் கதைப்பார். கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு, அக்கரைப்பற்று என்று வயல் உள்ள ஊரெல்லாம் அவருடைய காதுக்குள் வந்து கத்தும்.

பெரும்பாலும் ஒரே பூச்சியைப் பற்றித்தான் கத்தும். துண்டுப்பிரசுரத்தில் அதற்குப் பெயர் கபில நிறத் தத்தி. இந்தியாவில் புகையான் என்கிறார்கள். எங்கள் விவசாயிகளுக்கு அது அறக்கொட்டி. அரிசி மணியைவிடச் சின்னது. நெற்பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்க்கிறவருக்கு வயல் பச்சைப் பசேலென்று இருக்கும். பிறகு ஒருநாள் நடுவயலில் வட்டமாக ஓர் இடம் மஞ்சளாகும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் நெருப்பு வைத்ததுபோலக் காய்ந்து, வட்டம் பெருத்துக்கொண்டே போகும். அப்போதுதான் எங்கள் போன் அடிக்கும்.

அறக்கொட்டி அக்கா என்று பட்டம் வைத்தது நான்தான். ஓயாமல் அதைப் பற்றியே கதைக்கிறார் என்பது பாதிக் காரணம், ஓரிடத்தில் நில்லாமல் தத்திக்கொண்டே இருக்கிறார் என்பது மீதி. அது அவர் காதுக்கும் போயிற்று. "பட்டம் வைச்சது போதும் தம்பி, லேபிளைப் பிழையில்லாமல் அடியும்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

போனில் அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"குனிஞ்சு பாத்தனீங்களா?"

அந்தப் பக்கத்தில் இருப்பவர் மருந்தின் பெயரைக் கேட்பார். அக்கா விடமாட்டார்.

"மருந்து பிறகு. இப்ப வயலுக்கை நிக்கிறீங்களோ, வீட்டை நிக்கிறீங்களோ? வீட்டையெண்டா முதல்ல வயலுக்கை இறங்குங்கோ. ஒரு பிடி பயிரைச் சாய்ச்சு அடியில தட்டுங்கோ. தண்ணியில எத்தினை விழுதெண்டு எண்ணுங்கோ. சிலந்தி எத்தினை நிக்குதெண்டும் பாருங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

உண்மையாகவே நிற்பார். கிளிநொச்சியில் ஒருவர் சேற்றில் கால் புதைய நடக்கிற சத்தம் கொட்டாஞ்சேனைப் படிக்கட்டில் கேட்கும். இடையில் அந்த ஆளின் போனில் காசு முடிந்துவிட்டால் தன்னுடைய போனில் இருந்து திருப்பி எடுப்பார். சிலந்தியை ஏன் எண்ணச் சொல்கிறார் என்று எனக்குப் பல நாளாக விளங்கவில்லை. சிலந்தி அறக்கொட்டியைப் பிடித்துத் தின்னும். பச்சையாக இன்னொரு சின்னப் பூச்சி அதன் முட்டையைக் குத்திக் குடிக்கும். கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இவைதான். முட்டைகள் தண்டுக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாள் போகப் பொரித்து வருகிற குஞ்சுகளுக்கு வயலில் எதிரியே இருக்காது. மட்டக்களப்பில் ஒருவர் இரண்டு மருந்தைக் கலந்து, ஒட்டிப் பிடிக்கட்டும் என்று சவர்க்காரத் தூளும் போட்டு அடித்துவிட்டு, பூச்சி இரண்டு மடங்காகிவிட்டது, உங்கள் மருந்து போலி என்று சண்டைக்கு வந்தார்.

"ஐயா, நீங்கள் அறக்கொட்டிக்கு அடிக்கேல்லை. அதைத் தின்னுறவைக்கு அடிச்சிருக்கிறீங்கள்" என்றார் அக்கா. அந்த ஆள் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் அக்காவே அவருக்கு எடுத்தார். ஏச்சு வாங்கிக்கொண்டே வயல் நிலவரத்தைக் கேட்டு எழுதினார்.

பொய்யும் சொல்வார். ஆகாத மருந்தை யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் "ஸ்டொக் இல்லை ஐயா, கப்பல் வரேல்லை" என்பார். ஒருகொடவத்தையில் எங்கள் ஸ்டோர்ஸில் அதே மருந்து கூரை முட்ட அடுக்கியிருக்கும். மனேஜர் கொழும்பு முஸ்லிம், பரம்பரையாக வியாபாரம் செய்கிற ஆள். ஏசுவதென்றாலும் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஏசுவார்.

"புள்ள, ஒண்டு கேக்கிறன். நாங்க மருந்து விக்கிற கொம்பனியா, விக்காத கொம்பனியா? ஸ்டோர்ஸ்ல பெட்டி பெட்டியா ஈக்குது. நீங்க கப்பல் வரல்லண்டு சொல்றீங்களாம்."

"பிழையான மருந்தை வித்தா அடுத்த போகம் எங்கட போத்தலை ஆரும் கையால தொடமாட்டினம் சேர்."

"அடுத்த போகத்துக்கு நான் ஈக்க வேணுமே" என்று அவர் சிரித்தார். அக்கா தேத்தண்ணியையும் நின்றபடிதான் குடித்தார். அன்று அவரை யாரும் வேலையால் நிறுத்தவில்லை.

அந்த மூன்றாம் நாள்தான் அக்காவின் வியாதி. எடுத்தவர்களைத் திருப்பி எடுத்து விசாரிக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு கொப்பியில் ஊர், போன் நம்பர், பயிரின் வயது, தட்டியபோது விழுந்த கணக்கு எல்லாம் எழுதி வைத்திருப்பார். ஆட்களின் பெயர் அதில் இருக்காது. மூன்றாம் நாள் வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. சோற்றுப் பார்சலைப் பிரித்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவப் போவார், திரும்பி வந்து பார்சலை மறந்துவிடுவார். யன்னலடிக்குப் போவார். அங்கே தேவாலயக் கூரையையும் வயர்களையும் தவிர எதுவும் தெரியாது, ஆனாலும் மழை வருமா என்று பார்ப்பார். வயல் இருக்கிற ஊரில் மழையா என்று எனக்கு எப்படித் தெரியும், கேட்பது என்னவோ என்னிடம்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏனக்கா, சொன்னால் சொன்னதுதானே. அவை செய்யினமோ இல்லையோ, உங்களுக்கென்ன?"

"சொல்லிப்போட்டுப் போறவை கனபேர் தம்பி. எங்கட வயலுக்கும் ஒருத்தர் வந்து சொல்லிப்போட்டுப் போனவர்."

அவருடைய வயல் எங்கே இருந்தது, என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வவுனியாப் பக்கம் என்று ஒருவர் சொன்னார், முல்லைத்தீவு என்று இன்னொருவர் சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு பேரும் வெள்ளவத்தை. நான் அம்மா அப்பாவோடு பிளட்டில், அக்கா கடற்கரைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கையில் வாடகை அறையில். பின்னேரம் ஒரே பஸ்ஸில் வருவோம். சீட் வெறுமையாக இருந்தாலும் அக்கா கதவடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்கியதும் சந்தைக்குள் நுழைவார். அவரோடு சந்தைக்குப் போவது மானக்கேடு. கீரைக்கட்டைப் பிரித்து அடித்தண்டைப் பார்ப்பார், கோவா என்கிற முட்டைக்கோசைக் கவிழ்த்துப் பார்ப்பார். "நோனா, கடன்ன எப்பா" என்று, உடைக்க வேண்டாமென்று, கீரைக்காரர் சிங்களத்தில் கத்துவார். அக்கா ஒரு கட்டு வாங்குவதற்கு ஆறு கட்டைப் பிரித்து, திருப்பிக் கட்டியும் கொடுத்துவிட்டு வருவார். அந்த மனிதர் கடைசியில் சிரித்துவிடுவார், நான்தான் நாலு அடி தள்ளி நிற்பேன்.

அந்த நாட்களில் நான் கனடாவுக்குப் போக விண்ணப்பம் போட்டிருந்தேன். ஒழுங்கை முகப்பில் ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி அக்கா சொன்னார்:

"தெரியுமோ தம்பி, பயிர் நல்ல ஊட்டமா இருக்கேக்க பிறக்கிற அறக்கொட்டிக்குக் கட்டைச் செட்டை. அது பறக்காது, அங்கயே கிடந்து முட்டை போடும். நெருக்கம் கூடி, பயிரும் காயத் தொடங்கினாத்தான் நீளச் செட்டையோட பிறக்கும். அது எழும்பிப் போயிடும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கும் நீளுது போல கிடக்கு."

"உங்களுக்கு அக்கா?"

"மன்னாருக்கு இண்டைக்கு மூண்டாம் நாள்" என்று போனை எடுத்துக்கொண்டு ரயில்பாதைப் பக்கம் நடந்தார்.

பிறகு அந்த வெயில்காலச் சிறுபோகம் வந்தது. உரம் கிடைக்காத காலம் போய், யூரியா மறுபடி கடைக்கு வந்திருந்தது. பட்ட பாட்டுக்கு வஞ்சம் தீர்ப்பதுபோல எல்லோரும் அள்ளிப் போட்டார்கள். பயிர் கரும்பச்சையாக, மெத்தென்று, அடியில் காற்றுப் போகாமல் அடர்ந்து நின்றது. அறக்கொட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். போன் ஓயவில்லை. அக்காவுக்கு அதே கிழமை கடைவாய்ப் பல் வீங்கியது. கன்னம் உப்பியபடி இரண்டு நாள் கதைத்தார். மூன்றாம் நாள், போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாங்க புள்ள என்று மனேஜர் துரத்திவிட்டார்.

"தம்பி, ஆர் எடுத்தாலும் எழுதி மட்டும் வையும். பின்னேரம் நான் எடுக்கிறன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

எழுதி மட்டும் வைத்திருக்கலாம். மூன்று வருஷம் அவர் கதைத்ததைக் கேட்டவன் நான். அவருடைய கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளுக்குள் ஒரு பெருமைப் புளுகம் இருந்தது, எனக்கும் தெரியும் என்று. பதினொரு மணிபோலக் கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா எடுத்தார். குளத்துத் தண்ணீரில் செய்கிற வயல். குனிஞ்சு பாத்தனீங்களா என்று கேட்டேன். பார்த்திருந்தார். தட்டிப் பார்க்கச் சொன்னேன். நிறைய விழுந்தது. சிலந்தியும் நின்றது. எழும்பி நடக்கத் தொடங்கினேன், அக்காவைப் போலவே.

"மருந்து வேண்டாம் அம்மா. தண்ணியைத் திறந்து விடுங்கோ. நாலு நாள் வயல் காயட்டும், அடியில ஈரம் இல்லாட்டி அதால இருக்கேலாது. பிறகு தண்ணி கட்டுங்கோ."

"திறந்து விடவோ தம்பி? கதிர் வெளிக்கிடுற நேரம். உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

"தெரியும் அம்மா."

அக்காவும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்டிருப்பார்: உங்களுக்கு அடுத்த தண்ணி எப்ப? எல்லோரிடமும் கேட்பார். நான் அதைச் சுகம் விசாரிப்பதுபோல ஒரு பேச்சு என்றே நினைத்துவிட்டேன். வெள்ளவத்தையில் வளர்ந்தவன் நான், பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரும். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வாய்க்காலில் வரும் என்பதோ, வயலில் இருந்து திறந்து விட்டதை அடுத்த முறை வரும்வரை திருப்பிக் கட்ட முடியாது என்பதோ எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மாவின் முறை முதல்நாள்தான் முடிந்திருந்தது. அடுத்த தண்ணீர் பன்னிரண்டு நாள் கழித்து.

அடுத்தநாள் காலையில் அக்கா வாய்க்குள் பஞ்சோடு வந்து கொப்பியைத் திறந்தார். நான் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். வாசித்துவிட்டு, "தண்ணி முறை கேட்டனீரோ?" என்றார். நான் முழித்தேன். அவர் அசையாமல் நின்றதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அந்த அம்மாவுக்கு எடுத்தார். வரம்பு வெட்டித் தண்ணீர் எல்லாம் போய்விட்டிருந்தது. பக்கத்து வயல்காரருக்கு எடுத்தார், மேல்வயல்காரருக்கு எடுத்தார், யாரிடமாவது பம்ப் இருக்கிறதா என்று கேட்டார். வீங்கிய கன்னத்தோடு பின்னேரம்வரை நடந்துகொண்டே கெஞ்சினார். ஒரு மூலைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கிடைத்தது. மற்றப் பக்கம் நிலம் வெடித்தது.

பத்து நாளில் அந்த ஊர் மருந்துக் கடைக்காரர் மனேஜருக்கு எடுத்துக் கத்தினார். மனேஜர் அன்று தேத்தண்ணி வரவழைக்கவில்லை.

"தண்ணியத் தொறந்து உடச் சொன்ன யாரு?"

"நான் சேர்" என்றார் அக்கா.

"நீங்க அண்டைக்கு லீவுதானே?"

"வீட்டிலயிருந்து கதைச்சனான்."

நான் மூன்று அடி தள்ளி இருந்தேன். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும் என்ற வரி திரையில் இருந்தது. அதன் எழுத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், மறுபடி பெரிதாக்கினேன். வாய் திறக்கவில்லை. கனடாவுக்கு அனுப்ப வேண்டிய வேலைக் கடிதத்தில் அந்த மாதம்தான் மனேஜர் கையெழுத்துப் போட இருந்தார் என்று ஒரு காரணம் சொல்லலாம். பயம் என்பதுதான் உண்மை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மனேஜர் ஒரு தாளைக் கொடுத்தார். இனிமேல் அதில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, பக்கத்துக் கடை. யாருக்கும் திருப்பி எடுக்கக் கூடாது. அக்கா ஒரு கிழமை அந்தத் தாளை வாசித்தார். அடுத்த கிழமை கொப்பியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டு வெளிக்கிட்டார். படிக்கட்டில் நான் பின்னாலே ஓடினேன். என்ன சொல்வதற்காக ஓடினேன் என்று தெரியவில்லை.

"நீர் கேக்க மறந்தது பிழை. அது ஆருக்கும் வரும்" என்றார். "கிளிநொச்சி அம்மாவுக்கு நீர் எடுத்துக் கதையும். நான் கதைச்சிட்டன், ஆனா அது நீர் கதைச்ச மாதிரி வராது."

"ஓம் அக்கா."

"எப்ப?"

"இண்டைக்கு."

துண்டுப்பிரசுரம் ஒன்றின் பின்புறத்தில் நம்பரை எழுதித் தந்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று எடுக்கவில்லை. அரிவு வெட்டு, அந்த அறுவடை, முடியட்டும் என்று இருந்தேன். முடிந்த பிறகு, இப்போது எடுத்து என்ன பிரயோசனம் என்று இருந்தேன். இரண்டு முறை நம்பரை அமத்தி, மணி அடிக்குமுன் வெட்டினேன். கனடா விண்ணப்பம் சரிவரவில்லை என்று கடுதாசி வந்தது. கம்பெனியை விட்டு மருதானையில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். அக்காவின் போன் வேலை செய்யவில்லை. ஒழுங்கை வீட்டில் போய்க் கேட்டேன், அறையை எப்போதோ விட்டுவிட்டார் என்றார்கள். அவருடைய வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டில் இருந்து பாதியில் எழும்புகிறேன். யன்னலடிக்குப் போய் நிற்கிறேன், எதற்கு என்று தெரியாமல். என்னடா உனக்கு என்று அம்மா கேட்டால் ஒன்றுமில்லை என்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், அச்சகப் படிக்கட்டில் நின்று அந்த நம்பரை அமத்தினேன். வெட்டவில்லை.

"ஹலோ, ஆர்?"

"அம்மா, நான் கொழும்பில இருந்து. முந்தி மருந்துக் கொம்பனியில... தண்ணியைத் திறந்து விடச் சொல்லி ஒருநாள்..."

எங்கோ ஒரு உழவு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் நடந்து அதைவிட்டுத் தள்ளி வந்தார்.

"அந்தத் தம்பியோ?"

"ஓம் அம்மா. அக்கா சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். தண்ணி முறை கேக்காமல் விட்டது நான்தான்."

"தெரியும் ராசா. அண்டைக்குக் கதைச்சது ஆம்பிளைக் குரல். எனக்குக் காது கேக்கும்தானே. அவ வேலையை விட்டிட்டு நேர இஞ்சதான் வந்தவ. தான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னதெண்டு சாதிச்சவ. நான் நம்பேல்லை. அரிவு வெட்டு முடியும்வரை நிண்டு, எங்களோட வெயிலுக்கை காஞ்சு போட்டுத்தான் போனவ."

"வயல்...?"

"அரைவாசி பதர். அந்த வருஷம் கஷ்டப்பட்டுப் போனம். போன போகம் பரவாயில்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றேன்.

"உங்கட அக்கா இப்பவும் எனக்கு எடுக்கிறவ" என்றார். "பூச்சி இருந்தாலும் எடுப்பா, இல்லாட்டியும் எடுப்பா. வயலை விசாரிச்சுப்போட்டு, போனை வைக்க முதல் உங்களைப் பற்றிக் கேப்பா. அந்தத் தம்பி எடுத்தவரோ எண்டு. நான் இல்லை எண்டுவன். எடுப்பார் அம்மா எண்டுவா. ரெண்டு வருஷமா ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா."